நேர்கோட்டில் எழுநூறு

அஸ்மாராவிலிருந்து அடிஸ் அபாபா
எழுநூறு கிலோமீட்டர்.
ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை;
கடிகாரத்தைத் திருகவேண்டியதில்லை.
பறக்கும் நேரம் ஒரு மணி, கொஞ்சம் மேலே.
டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து
இருபது வருடம் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.
யாரும் கேட்கவில்லை என்பதல்ல.

கேட்டவர்களுக்குக் கெய்ரோவைக் காட்டினேன்.
வடக்கே ஆயிரத்து எண்ணூறு போய்
ஒரு பகல் முழுக்க இரும்பு நாற்காலியில் முதுகு நோக இருந்து
தெற்கே இரண்டாயிரத்து ஐந்நூறு திரும்பி வரவேண்டும்.
அதுவும் விசா கிடைத்தால்.
"கிடைக்குமா, லெம்லெம்?" என்பார்கள்.
நான் பென்சிலைச் சீவுவேன்.

என் கணவன் அந்த எழுநூறின் மறுமுனையில் இருந்தான்.
போர் தொடங்கிய வருடம்
என்னைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.
பிறந்த ஊர் என்ற கட்டத்தில் அஸ்மாரா என்றிருந்தது,
அவ்வளவுதான் குற்றம்.
அஸ்ரத் பஸ்ஸின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டே ஓடிவந்தான்,
ஏதோ நிறுத்தத்தைத் தவறவிட்டவன்போல.

இந்த மாதம் தொலைபேசிக்கு உயிர் வந்தது.
எவரோ கெய்ரோ வழியாக அனுப்பிய எண்
டிராயரில் கிடந்தது.
இரண்டாம் மணியிலேயே எடுத்தான்.
"வா" என்றான். பிறகு,
"ஒன்று சொல்லவேண்டும். நேரில்."

அனுமதி இருபத்துமூன்று கிலோ.
பதினொன்றுதான் தேறியது.
எடைபோட்ட பெண் வேறேதும் இல்லையா என்பதுபோல்
என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலோர இருக்கை.
மெரெப் ஆறு இதோ வரும், இதோ வரும் என்று
நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக் காத்திருந்தேன்.
எத்தனை பிள்ளைகளைத் தின்ற எல்லை.
பணிப்பெண் ஆரஞ்சுச் சாறு வேண்டுமா என்றாள்.
திரும்பி "பாதி போதும்" என்றேன்.
அதற்குள் கடந்துவிட்டது.
பக்கத்து இருக்கைக்காரர்
ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

இறங்கினால் மழை.
முத்திரை குத்துபவரின் தலைக்கு மேலே
அவர்கள் நாட்காட்டி: இரண்டாயிரத்துப் பத்து.
எங்கள் ஊரில் பதினெட்டு.
ஒரு மணி நேரத்தில்
எட்டு வருடம் பின்னால் வந்திருக்கிறேன்.
கவுன்டர்காரியின் மூளை சும்மா இருக்குமா?
இருபதில் எட்டு போனால் பன்னிரண்டு.
பன்னிரண்டு பரவாயில்லை,
பன்னிரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று
வரிசையில் நின்றபடியே முடிவுசெய்தேன்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அஸ்ரத்.
நரைத்த தலை, அதே கோணல் தோள்.
பக்கத்தில் நீலக் குடையுடன் ஒரு பையன்,
அவனுக்கும் அதே தோள்.
கேட்கத் தேவையே இருக்கவில்லை.
இருந்தும் வயதைக் கேட்டேன்.
"பன்னிரண்டு" என்றான்.

குடை மூன்று பேருக்குப் போதவில்லை.
பையன்தான் பெட்டிக்குக் கை நீட்டினான்.
"கனமாக இருக்கும்," என்றான் அஸ்ரத்,
அவனிடமா என்னிடமா, தெரியவில்லை.
"இல்லை," என்றேன்.
"பதினொரு கிலோதான்."