அரைக் கிலோவுக்குக் கீழே

எங்கள் ஆலையின் மேடைத் தராசுக்கு
அரைக் கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
மூடைக்கு அறுபத்தைந்து,
சாக்குக்கென்று கொஞ்சம் கழிவு,
ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம்.
சம்மாந்துறைப் பெரும்போகத்தில் பாதியை
என் கைதான் எழுதுகிறது.

பதின்மூன்றாம் கிழமை
நீ இருபது கிராம் இருப்பாயாம்.
ஒரு பிடிக்கும் காணாத கீரிச்சம்பா.
மூடை தூக்குகிறவர்கள் தேத்தண்ணிக்குப் போனதும்
செருப்பைக் கழற்றி ஏறி நின்றேன்.
துலாக்கோல் அசையவில்லை.

போன வருஷம் வந்தது
இந்தக் கிழமையோடு நின்றுபோனது.
அதற்கு நான் எந்தக் கொப்பியிலும்
பக்கம் திறந்திருக்கவில்லை.
தராசுக்குத் தெரியாமல் வந்து
தராசுக்குத் தெரியாமல் போனது.

வீரமுனையிலிருந்து வருகிற யோகமலர் மிஸ்
நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"பதினாறு. இப்ப புள்ள மூஞ்சியைச் சுழிக்கும்.
மூடின கண்ணுக்குள்ள முழி உருளும்."
நீ எதற்குச் சுழிக்கிறாய்?
இரும்புக் குளிசை விழுங்குகிறவள் நான்.

நூற்றிருபதாம் நாள் ரூஹு ஊதப்படும் என்று
மாமி விரல் மடித்துக்கொண்டிருந்தார்.
அந்த நாள் கிளினிக் அட்டையில்
பத்தொன்பது கிழமையும் ஒரு நாளும்.
இரண்டு கணக்குக்கும் நடுவே பதினாலு நாள் இடிக்கிறது.
ஐந்து ரூபாய் பிசகினாலும் நித்திரை வராதவள்
அதை இடிக்கட்டும் என்று விட்டேன்.

மாமி யாசீன் ஓதிய இரவில் ஒன்றும் நடக்கவில்லை.
மூன்று நாள் கழித்து,
அவியல் தொட்டியைத் திறந்து ஆவி எழும்பிய நேரம்,
அடுக்கி முடித்த மூடைக்குள்
நெல் தானாக ஒருமுறை சரியுமே,
அப்படி ஒரு சரிவு, தொப்புளுக்குக் கீழே.
வாயுவாக இருக்கும் என்று எழுதவில்லை.
மறுநாள் மறுபடி சரிந்தது.
எழுதினேன்.

கலந்தர் காக்காவின் பெருவிரலில் ரேகை இல்லை.
முப்பது வருஷச் சாக்கு தேய்த்துவிட்டது.
முதலாளி புதிதாகப் பூட்டிய விரல் மெசின்
தினமும் அவரை வராதவர் என்கிறது.
தினமும் நான் பேனாவால் வரவைக்கிறேன்.
அந்த மாதம்தான்
உன் பத்து விரல் நுனியிலும்
வரிகள் இறுகிக்கொண்டிருந்தன.
வழவழத்த விரலை
அவர் சாரத்தில் துடைத்துத் துடைத்து
மறுபடி வைப்பதைப் பார்த்துக்கொண்டு
நான் வயிற்றில் கை வைத்திருந்தேன்.

காது வந்ததும்
நீ முதலில் கேட்டது என் குரல் என்று சொல்ல ஆசைதான்.
ஆனால் பெல்ட் இருக்கிறது, சல்லடை இருக்கிறது,
உமி ஊதுகிற காற்றாடி இருக்கிறது.
என் குரல் எனக்கே கேட்காத இடம் இது.
லுஹர் வாங்குக்கு மெசினை நிறுத்துவார்கள்.
அந்த அமைதிதான் உனக்குப் பிடிக்கவில்லை.
நின்றது ஏன் என்று கேட்கிறவள் போல,
அல்லது கேட்கிறவன் போல,
சரியாக அப்போது உதைக்கிறாய்.

இருபத்துமூன்றாம் கிழமை,
தேத்தண்ணி நேரம்,
மறுபடி ஏறினேன்.
நாலரைக் கிலோ கூடியிருந்தது.
அத்தனையும் நீ இல்லை என்று தெரியும்.
கழிவு போட்டேன்:
தண்ணீருக்கு, இரத்தத்துக்கு,
நச்சுக்கொடிக்கு,
மாமி பிடிக்கிற திரிபோசா உருண்டைக்கு,
பயத்தில் தின்ற விசுக்கோத்துக்கு.
கழித்துக் கழித்து வந்ததில்
மிஞ்சியது அரை.

உன் இமை இன்னும் ஒட்டித்தான் இருக்கும்.
திறக்க மூன்று கிழமையாவது ஆகுமாம்.
கண்ணே திறக்காமல்
எங்கள் தராசுக்கு நீ தெரிந்துவிட்டாய்.

மூடைக் கணக்கின் கடைசிப் பக்கத்தில்
பெயர் போடாமல் எழுதினேன்: வரவு, அரை.
அதற்கு மேலே ஒரு வரியை வெறுமையாக விட்டேன்,
போன வருஷத்துக்கு.

முதலாளி கண்டு கேட்டால்
ஈரம் என்பேன்.