பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினேழு, இரண்டு

முதல் ஈட்டு மிளகாய்க் கன்றுகளை
நான்தான் கொன்றேன்.
பாஹாவ் அடுக்குமாடி, மூன்றாம் மாடி நடை,
எட்டு பாலிபேக்.
செம்பனைக்குப் போட்டுப் பழகிய கை.
மரத்துக்கு ரெண்டு கிலோ, மரத்துக்கு ரெண்டு கிலோ என்று
தண்டல் கத்தியது இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.
விரல் நீளக் கன்றுக்கு அது எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் இலைநுனி கருகியது,
தீயில்லாமல் தாள் சுருளுவதுபோல்
ஓரத்திலிருந்து உள்ளே.
பசியென்று நினைத்து
இன்னொரு பிடி போட்டேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

உரக்கடை வெய் லியாங்குக்கு என் வயதுதான்.
திடலில் நம் பையன்களோடு பந்து விரட்டிக் கற்ற தமிழ்.
நான் பையில் கொண்டுபோன வேரை
மேசையில் கொட்டினான், முகர்ந்தான்.
"அக்கா, இது பசி இல்ல, உப்பு.
செடிக்கு நீங்க சோறு ஊட்டல,
ஊறுகா போட்டுட்டீங்க."

பதினோரு வருஷம்
நாலாம் டிவிஷனில் அந்த நீலக் குருணையை வீசியிருக்கிறேன்.
பெரட்டு முடிந்து லோரி, லோரி முடிந்து வாளி.
பத்து மணி வெயிலில் அது வியர்வையில் கரைந்து
தொடையிடுக்கில் எரியும்.
நகக்கண்ணில் புகுந்தது
மத்தியானம் ரசம் சோறு பிசையும்போது தெரியும்.
காலி மூட்டைகளைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொள்வோம்.
முழங்காலுக்கு மேலே என்மேல்
நான்கு எண்கள் நடந்து போகும்:
12-12-17-2.
மூட்டையின் நம்பர் என்றுதான் நினைத்தேன்.
பூவாயி மட்டும் 1217ஐ நாலு நம்பரில் கட்டினாள்,
ஒருமுறை அறுபது வெள்ளி அடித்தது.
எங்கள் நிரையில்
அந்த எண்ணால் பயனடைந்தவள் அவள் ஒருத்தி.

வெய் லியாங் ரசீதின் பின்பக்கம் எழுதிக் காட்டினான்.
முதல் பன்னிரண்டு தழைக்கு.
அடுத்தது வேருக்கும் பூவுக்கும்.
பதினேழு, காய் திரளவும் தண்டு விறைக்கவும்.
கடைசி இரண்டு மெக்னீசியம், இலையின் பச்சைக்குள் உட்கார்ந்திருப்பது.
மனசுக்குள் கூட்டினேன். நாற்பத்துமூன்று.
"நூத்துல மீதி அம்பத்தேழு?"
தோளைக் குலுக்கினான்.
"அது சும்மா கூட வர்றது, அக்கா."

சும்மா கூட வந்தது.
அதையும்தான் தூக்கினேன்.

இப்போது நான்கே பை.
ஐந்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கரண்டி,
அதுவும் பத்து நாளைக்கு ஒரு தடவை,
மண்ணை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு.
கை நடுங்குகிறது, கஞ்சத்தனம் பழகவில்லை.

காலையில் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.
அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு:
செடி தன் பழைய இலையை அடகு வைத்துக்
குருத்துக்குச் சாப்பாடு போடுகிறது.
குருத்தே வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாய் நின்றால்
இரும்பு பற்றவில்லை.
இரும்பு போன இடத்தில் உட்கார்ந்துவிடும்,
இன்னொருவருக்காக எழுந்து நகராது.
அப்படி ஒருவரோடு பத்தொன்பது வருஷம்
குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு அடையாளம் தெரியும்.

நேற்று ஒரு செடியில் பூ.
வெள்ளை, தலைகுனிந்து,
பல்குச்சி முனையளவு மகரந்தம்.
உடனே நீலத்தை எடுக்கப் போன கையை
மற்ற கையால் பிடித்தேன்.

கீழ்வீட்டு நோர்ஹயாத்தி மேலே வந்து
தண்ணீர் சொட்டுகிறது என்று முறையிட்டாள்.
தட்டு வைக்கிறேன் என்றேன்.
பேசிக்கொண்டே கம்பிமேல் குனிந்து பார்த்தேன்.
அவள் பாண்டான் தொட்டி
சரியாக என் மூன்றாவது பைக்குக் கீழே.
நடையிலேயே அப்படிக் கரும்பச்சை வேறெங்கும் இல்லை,
ஒவ்வோர் இலையும் வாள் அகலம்.

தட்டை இரண்டு பைக்கு வைத்தேன்.
மூன்றாவதுக்கு
இன்னும் வாங்கவில்லை.