சென்ட்டுக்கு நானூற்றைம்பது

பூப்பாறைக்குக் கீழே எங்கள் சரிவில் பதினேழு வீடு.
தீர்மானம் மலையாளத்தில், கணக்கு தமிழில்.
ஏலக்காய் ஸ்டோரில் எடை எழுதிய கை
பணமும் எழுதும் என்று
நோட்டை என்னிடம் தந்துவிட்டார்கள்.

தொடுபுழாவிலிருந்து வந்த எஞ்சினியர் பெண்
லூக்கோஸின் அடுக்களைச் சுவரில்
விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஒட்டி
தேதி எழுதிவிட்டுப் போனாள்.
இது உடைந்தால் மலை நடந்ததென்று பொருள்.
பன்னிரண்டாம் நாள் உடைந்தது.
பல்லி மோதியிருக்கும் என்றார் லூக்கோஸ்.

கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர்,
மேலே ஒரு வடிகால்,
மலையின் வயிற்றுத் தண்ணீரை வெளியே விட
ஆறு துளைக்குழாய்.
பாதி பஞ்சாயத்து தரும்.
மீதி, நிலம் உள்ளவர்கள்
சென்ட்டுக்கு நானூற்றைம்பது.

ரேஷன் கடை வராந்தாவில் கூட்டம்.
மண் கீழேதானே போகும்,
கீழே இருப்பவன் கொடுக்கட்டும் என்றது மேல்வரிசை.
தண்ணீர் உன் முற்றத்திலிருந்துதானே இறங்குது
என்றது கீழ்வரிசை.
நடுவரிசை குரியாக்கோஸ்
இரண்டு பக்கமும் தலையாட்டி
எல்லோருக்கும் கட்டன்சாயா சொன்னார்.
அவர் கொடுத்தது அது ஒன்றுதான் இன்றுவரை.

எர்ணாகுளத்து ரிசார்ட்காரருக்கு நாற்பத்தெட்டு சென்ட்.
இருபத்தோராயிரத்து அறுநூறு.
போனை எடுப்பதில்லை.
அவர் நீச்சல்குளத்தில்
ஒரு கரையில் தண்ணீர் விளிம்பைத் தொட,
எதிர்க்கரையில் நான்கு விரல் இறங்கி நிற்கிறது.
தண்ணீருக்குச் சாயத் தெரியாது.
சாய்ந்தது எதுவென்று
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

அன்றிரவு செல்லக்கிளி வந்தாள்.
ஓடைப் புறம்போக்கில் தகரக் கொட்டகை,
பட்டயம் கிடையாது,
என் பட்டியலில் பெயர் கிடையாது.
பிளாஸ்டிக் பையைப் பிரித்து
ஆயிரத்து முந்நூற்றைம்பதை எண்ணி வைத்தாள்,
பாதிக்கு மேல் பத்து ரூபாய்த் தாள்.

உனக்கேதுக்கா நிலம், நீ தர வேண்டாம் என்றேன்.
இடிஞ்சா யார் மேல விழும்? என்றாள்.
பிறகு, கொஞ்சம் பொறுத்து,
ரசீது குடுப்பீங்கல்ல?

அப்போதுதான் புரிந்தது.
இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாள்.
அவள் அங்கே இருப்பதாக
ஒரு தாளும் இதுவரை சொன்னதில்லை.

பெயர் எழுதினேன்.
தொகை எழுதினேன்.
சர்வே எண் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
மின்சாரம் போய், வந்தது.
அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அவளுக்கு எழுத்துத் தெரியாது.

பத்திர எழுத்தர் எழுதுகிற மாதிரியே எழுதினேன்:
லூக்கோஸ் அடுக்களை விரிசலுக்குக் கிழக்கு,
ஓடைக்கு மேற்கு,
சாய்ந்த குளத்துக்குத் தெற்கு,
கட்டப்போகும் சுவருக்கு வடக்கு,
இதற்குட்பட்ட மூன்று சென்ட்.

காலையில் செயலாளர் மணியப்பன் கொதித்தார்.
ரசீது கொடுத்தால் உரிமை ஆகிவிடும்,
நாளை தாலுக்கா ஆபீசில் போய் நிற்பாள்,
திருப்பி வாங்கு.
நிற்கட்டுமே என்றேன்.
அவர் பாக்கி ஒன்பதாயிரம் என்பதையும்
அந்த மூச்சிலேயே சொல்லிவிட்டேன்.

இடவப்பாதி இந்த முறை எட்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.
கல் இறக்கியாகிவிட்டது,
தேனியிலிருந்து கம்பிவலை வந்து
தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது,
கூலிக்குத்தான் பணமில்லை.
புதுச் சில்லு ஒட்டியிருக்கிறோம்.
லூக்கோஸ் ராத்திரி டார்ச் அடித்து
பல்லியை விரட்டுகிறார்.

பதினேழு வீட்டுப் பட்டியலில்
முழுத்தொகை கட்டிய முதல் பெயர்
வரிசை எண் பதினெட்டு.
கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது.
மடியில் வைத்து எழுதியதால்
எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது,
ஆனாலும் கோட்டைத் தாண்டவில்லை.