தொடக் கூடாது

இருட்டில் ஏறினோம்.
ஏப்ரல் என்று சொல்லிக்கொண்டார்கள்,
ஸ்டெப்பி வெளியில் பனி இன்னும் திட்டுத்திட்டாக,
துவைக்காத போர்வை போலக் கிடந்தது.
இருபத்தோரு பேர், ஒரு பேருந்து,
ரவுஷான் டீச்சர், அவருடைய தலைவலி,
வழியெல்லாம் வாந்தி எடுத்த டோல்கனை.
கரகண்டாவுக்கு ஆறு மணி நேரம்.

அருங்காட்சியகத்தில் முதலில் கால்களுக்கு உறை கொடுத்தார்கள்.
நீலப் பிளாஸ்டிக். நடந்தால் சரசரத்தது.
நிலவில் நடப்பது போல நடக்கப் போய்
சாகின்திக் வழுக்கி விழுந்தான்.
அதற்கே கால்மணி நேரம் போயிற்று.

விளக்கம் சொன்ன பெண்ணின் பெயர் லரிஸா,
கையில் முனை தேய்ந்த பில்லியர்ட் கோல்.
இது தூங்கும் பை, சுவரில் கட்டிக்கொள்ள வேண்டும்.
இது பற்பசைக் குழாயில் அடைத்த பீட்ரூட் சூப்.
இது கழிப்பறை.
கழிப்பறையை விட்டு யாரும் நகரவில்லை.
எத்தனை கேள்விகள்!
டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அறையில்
கண்ணாடிப் பெட்டிக்குள், சின்ன விளக்கின் கீழ்,
வளைந்த தகடு ஒன்று.
ஓரம் கிழிந்து, உள்பக்கம் தேன்கூடு மாதிரிச் சட்டங்களோடு.
ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு. தொடக் கூடாது.

"இது எங்கள் ஆட்டுத் தொட்டி" என்றான் பெக்ஸாத்.

எல்லோரும் சிரித்தோம். லரிஸாவும்.
அவன் சிரிக்கவில்லை.
"இதில் நானூற்றுப் பதினேழு என்று போட்டிருக்கிறது,
எங்களுடையதில் நானூற்று ஐம்பத்திரண்டு.
இதே எழுத்து, இதே சிவப்பு.
ஒன்பது ஆடு வரிசையாக நின்று குடிக்கும்.
மாமா டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்.
விழுந்த அன்று நாய் கட்டிலுக்கு அடியில் போனது,
இரண்டு நாள் வெளியே வரவில்லை."

லரிஸா கோலைக் கீழே இறக்கினாள்.
மனப்பாடக் குரல் போய்
வேறொரு குரல் வந்தது.
"கையாலேயா தூக்கினீர்கள்?
வாடை ஏதும் இருந்ததா, தம்பி?
மீன் கெட்டுப்போன மாதிரி?"

அவன் யோசித்தான்.
மீனை அவன் டப்பாவில்தான் பார்த்திருக்கிறான்.

"அடுத்தது கோள்கள்" என்றார் டீச்சர், கொஞ்சம் சத்தமாக.

வியாழனுக்கு எத்தனை நிலவு என்று கேட்டார்கள்,
யாரோ பதில் சொன்னார்கள்.
நான் எங்கள் கோழிக்கூட்டுக் கூரையை,
அதன் வளைவை,
மழையில் அது போடும் சத்தத்தை
தலைக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாயைத் திறக்கவில்லை.
அவனைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

கழிப்பறையில், இது நிஜமான கழிப்பறை,
சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.
ஆண்கள் பக்கம். நிற்கவே இல்லை.
யார் என்று எனக்குத் தெரியும்.
இந்தப் பக்கம் நானும் சோப்பு போட்டேன்,
மறுபடியும் போட்டேன்.
ஈரக் கையோடு வெளியே வந்து
ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம்.

கடையில் அவன் விண்வெளிப் பாலாடைக்கட்டி வாங்கினான்.
பேருந்தில் குழாயைப் பிதுக்கி நாக்கில் வைத்து
"உப்பு பத்தாது" என்றான்.
அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலத்திலிருந்து
பல் உடையும் குர்த் உருண்டை ஒன்றை எடுத்துக் கடித்தான்.
எனக்கும் ஒன்று.
கொடுக்கும்போது என் கையில் அவன் விரல் படவில்லை.

இப்போது அவர்கள் ஆடுகளுக்குப் பிளாஸ்டிக் வாளி.
தொட்டி கொட்டகைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது.
ஆடுகளுக்கு யார் சொல்வது?
தாகம் வந்தால் அங்கேதான் போய்
வரிசையாக நிற்கின்றன.

எங்கள் கூரைக்கு அப்பா வருடா வருடம் சுண்ணாம்பு அடிப்பார்.
நேற்று யாரும் இல்லாத நேரத்தில்
ஏணி வைத்து ஏறி,
அம்மாவின் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு,
கரண்டியால் ஒரு மூலையைச் சுரண்டினேன்.
கொஞ்சம் சிவப்பு.
பிறகு ஒரு நான்கு.
மேற்கொண்டு சுரண்டவில்லை.
கீழே கோழிகள், முட்டையிட்ட திமிரில்,
கத்திக்கொண்டிருந்தன.