இரண்டு விரல்

மஜ்காவ் யார்டில் நேற்று மாலை
டிரைவை முழுக்கத் தூக்கி நிறுத்தி
அதன் ஓரத்துக்கு நேரே
படகின் பின்புறத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன்.
காலையில் பார்த்தால்
டிரைவ் இரண்டு விரல் கீழே.

யாருமே தொடவில்லை என்கிறான் வாட்ச்மேன் ஷெலார்.
தெரியும்.

எண்ணெய்த் தொட்டி மூடியைத் திறந்தேன்:
கட்டிங் சாயா நிறம்.
வாடகை தராமல்
கடல் குடியேறியிருக்கிறது.

ஹோஸில் கசிவில்லை, நட்டில் இல்லை.
இடது ராமின் தண்டில்
கொட்டலசு ஒட்டி உதிர்ந்த இடத்தில்
நகம் மாட்டுகிறது.
கடுகளவு பள்ளம்.
ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம்
சீலைத் தின்றிருக்கிறது.

"ஞாயிறு மாண்ட்வாவுக்கு விருந்தாளிகள்,
எண்ணெய் மட்டும் ஊற்றிவிடேன்"
போனில் கரஞ்சியா சேட்.
பள்ளத்திலிருந்து நகத்தை எடுக்காமல்
கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை வேறு ராம், வேறு சீல், புது எண்ணெய்.
மேலே, கீழே, மேலே, கீழே.
பம்ப் கரகரக்கிறது.
ஐந்தாம் தடவை காற்று தீர்ந்து
தொண்டையைச் செருமியவன்போல்
ஒரே குரலுக்கு வருகிறது.

பழைய கோட்டின் மேலேயே
அழுத்தி இன்னொன்று போட்டேன்.
ஷெலார்,
ராத்திரி மழை வந்தால்
படகை விடு,
இந்தக் கோட்டைத் தார்ப்பாயால் மூடு.