முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு

கருங்கல் ஏற்றிய லாரி
பர்கூர்ப் பக்கமிருந்து வந்து எடைமேடையில் ஏறியது.
திரையில்
மைனஸ் இருபத்தாறாயிரத்து நூற்றுப் பதினாறு கிலோ.

"லாரி பறக்குதுங்க மேடம்" என்றார் திம்மராயன்,
சிரிக்காமல்.
டிரைவர் நவாஸ் இறங்கி வந்து
குனிந்து டயர்களைப் பார்த்தார்.
அத்தனையும் தரையில்தான் இருந்தன.

மேடைக்கு மேல்மாடி என் அலுவலகம்.
ஒரு மேசை, இரண்டு திரை, யுபிஎஸ்,
லாரி ஏறும்போதெல்லாம் நடுங்கும் தண்ணீர் பாட்டில்.
பத்தொன்பது வருடமாகக் கம்பைலர் வேலை.
அதில் பதினொன்று,
யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றில்.
வீட்டு விலாசம் லண்டன்பேட்டை என்று போட்டதில்
மூன்று மாதம் லண்டன் நேரத்துக்கே எனக்கு மீட்டிங் வைத்தார்கள்.

என்ன வேலை என்று கேட்டால்
எழுதியதை இயந்திரத்துக்குப் புரியவைப்பது என்பேன்.
அது பாதி.
மறுபாதி, வேண்டாததை வெட்டுவது.
எது வேண்டாதது என்று முடிவு செய்வதும் நானே.

பெட்டியைத் திறந்தேன். நகமளவு சிப்.
உள்ளிருந்ததை லேப்டாப்பில் இறக்கிப் படித்து முடிக்க
மூன்று டீ.
முன்னச்சு பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
பின்னச்சு இருபத்தோராயிரத்து நானூற்று எண்பது.
தனித்தனியாக இரண்டும் சரி.
கூட்டினால் அந்தச் சிப்பின் கைக்கு அடங்காது.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழோடு
அதன் உலகம் முடிந்து
பாதாளத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

எழுதியவன் முட்டாள் இல்லை.
'ஓவர்லோடு' என்ற செய்தி உள்ளே பத்திரமாக இருந்தது.
அதற்குப் போகும் வழியைத்தான் காணோம்.
கதவு உண்டு, படி உண்டு, தெரு இல்லை.

தெருவை எடுத்தது யார்?
கட்டளைகளை அடுக்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது.
வெட்டை வைத்துக் கத்தியை அடையாளம் காண
கத்திக்காரிக்குத் தெரியாதா.
ஆறு வருடம் முன்பு ஓர் ஐப்பசியில்
நான் எழுதிய நாற்பது வரி:
நேர் எண்ணோடு நேர் எண்ணைக் கூட்டினால் குறையாது,
குறைந்ததா என்று கேட்பது வீண்,
நீக்குக.
மொழியின் விதி அப்படித்தான் சொல்கிறது. இன்றும் சொல்கிறது.
எல்லாம் கொஞ்சம் வேகமாயிற்று. பாராட்டினார்கள்.

அன்று இரவு தூக்கமில்லை.
பாலக்கோட்டில் பாலின் கொழுப்பைப் பார்க்கும் பெட்டி,
ஆஸ்பத்திரியில் சொட்டு எண்ணும் பெட்டி,
ஓசூரில் ஏதோ ஒரு லிஃப்ட்.
எவரோ பயந்து எழுதிய ஒவ்வொரு 'ஒருவேளை'யையும்
நிகழாது என்று அடித்திருப்பேன்.

தப்பு என்னுடையது என்று திம்மராயனிடம் சொன்னேன்.
"நீங்க மேல இருக்கீங்க, பெட்டி கீழ இருக்கு"
என்றார்.

விதியை மாற்ற முடியாது.
வெட்டும்போது எச்சரிக்கையாவது செய்யட்டும் என்று
ஒரு பேட்ச் அனுப்பினேன்.
ஒன்பது வாரம் வாதம்.
பிழை எழுதியவனுடையது, கம்பைலருடையது அல்ல என்றான் ஒருவன்.
அதே வாக்கியத்தை நானே பலருக்கு எழுதியிருக்கிறேன்,
இதைவிடக் கடுமையாக.
படித்துக்கொண்டிருக்கையில் கீழே ஒரு லாரி ஏறியது.
பாட்டில் நடுங்கியது.

கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.
கூடவே ஒரு சோதனைக் கோப்பு,
எங்கெங்கோ இயந்திரங்களில் இரவுதோறும் ஓடுவது.
அதற்குத் திம்மராயன் என்று பெயர் வைத்தேன்.
பிராகிலிருந்து மிலேனா கேட்டாள், என்ன பொருள்?
கூட்டத் தெரிந்தவர் என்று எழுதினேன்.

மறுநாளிலிருந்தே அவர்
இரண்டு அச்சின் எடையையும் தனித்தனியாகக் குறித்து,
மாங்கூழ் கம்பெனி காலண்டரின் முதுகில்
பால்பாயின்ட் பேனாவால் கூட்டுகிறார்,
மேலே குட்டியாக ஒரு ஒன்று போட்டு.

இந்தப் பெட்டிக்கு என் திருத்தம் ஒருநாளும் வந்து சேராது.
செய்த கம்பெனியின் நம்பர் உபயோகத்தில் இல்லை.
"அத விடுங்க மேடம்" என்று
காலண்டர் தாளை நீட்டுகிறார்.
"கூட்டினது சரியான்னு பாத்து ஒரு டிக் போடுங்க.
நவாஸ் நம்ப மாட்டேங்கறான்,
பின்னாடி நாலு வண்டி நிக்குது."