மூன்றாம் பக்கம்

ஏல அறிவித்தல் பேப்பரில் வந்த நாலாம் நாள்
எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு மணியை அடித்தார்
மிஸ்டர் ஜெயசோதி.
வெளியே மழை. சப்பாத்து நனையவில்லை.

"வங்கியோட கதைக்க வேண்டாம், மிஸிஸ்.
கடிதம் வந்தால் உடைக்கவும் வேண்டாம்.
எல்லாம் நான் பார்ப்பன்."
எங்கள் கடன் இலக்கம் அவருக்கு மனப்பாடம்.
என் சொந்தத் தம்பிக்கே
நாங்கள் சொல்லாத தொகை.

முற்பணம் எண்பதாயிரம்.
உறுதி அவர் பெயரில், ஆறே ஆறு மாதம்,
சும்மா ஒரு பேச்சுக்கு.
அதே வீட்டில் நாங்கள், வாடகைக்கு.

மரியநாயகம் பேனையைத் திறந்துவிட்டார்.
இரண்டு வருடமாய் அச்சு ஓடாத மனிதர்,
யார் கதிரை இழுத்துப் போட்டாலும்
இருந்துவிடுவார்.

தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று
கேட்கிற சாட்டில் தாளைத் திருப்பினேன்.
அச்சகத்தில் புரூஃப் பார்த்த கண்.
ஒற்று விடுபட்டாலே உறுத்தும்.
மூன்றாம் பக்கம், பொடி எழுத்து.
வாய் சொன்னது ஆறு மாதம்.
தாள் சொன்னது
அறுதி.

பேனையை வாங்கி மூடினேன்.
அந்தச் சின்னச் சத்தத்தில்
அவருடைய சிரிப்பும் மூடிக்கொண்டது.
தேத்தண்ணியில் ஆடை படர்ந்து கிடந்தது.

மறுநாள் வங்கியில்
நாற்பத்தேழாம் இலக்கத் துண்டோடு
மத்தியானம் வரை நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை
சிரிக்கவில்லை.
"முதலாம் கடிதத்துக்கே வந்திருக்கலாமே" என்றாள்.
முற்பணம் கேட்கவில்லை.
வீடு மிஞ்சும் என்றும் சொல்லவில்லை.
தவணையை மாற்றக் கேட்கும் படிவம் ஒன்றைத்
தள்ளினாள்.

அதன் தலைப்பிலேயே ஓர் ஒற்றுப்பிழை.
முதல் தடவையாக
விட்டுக்கொடுத்தேன்.